ஆர்தர் சிட்னி பிளண்டெல் பாங்கார்ட்

ஆர்தர் சிட்னி பிளண்டெல் பாங்கார்ட் (1879 – 1951) இங்கிலாந்தைச் சேர்ந்த எலும்பியல் அறுவை மருத்துவர் ஆவார். தோள் மூட்டு மீண்டும் மீண்டும் நழுவுவதற்கான காரணத்தை 1923 ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவ உலகுக்குத் தெளிவாக எடுத்துரைத்தவர் இவர். தோள்குழியின் விளிம்பிலிருந்து குருத்து வளையமும் அதனுடன் இணைந்த பிணைநார்களும் பெயர்ந்து விடுவதே இதற்குக் காரணம் என்றும், பெயர்ந்த இடத்திலேயே அவற்றை எலும்புடன் மீண்டும் தைத்து இணைப்பதே சரியான சிகிச்சை என்றும் இவர் வலியுறுத்தினார். இக்காயம் இன்று பாங்கார்ட் காயம் என்றும், இதற்கான அறுவைச் சிகிச்சை பாங்கார்ட் அறுவை என்றும் அழைக்கப்படுகின்றன. எலும்பில் துளையிட்டு நூல் கோத்த இவரது முறையின் இடத்தைத் தற்காலத்தில் தையல் நங்கூரங்கள் பிடித்துக் கொண்டாலும், அறுவையின் அடிப்படைக் கருத்து இவருடையதாகவே உள்ளது.

பிறப்பும் கல்வியும்

பாங்கார்ட் இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள எக்சிட்டர் நகரில் மருத்துவக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இவரது தந்தை ஜேம்ஸ் பாங்கார்ட் அந்நகரில் அறுவை மருத்துவராகப் பணியாற்றியவர். ரக்பி பள்ளியிலும், பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரியிலும் பயின்ற பாங்கார்ட், இலண்டனின் கைஸ் மருத்துவமனையில் மருத்துவப் பயிற்சி பெற்றார்.

எலும்பியல் துறையில் நுழைவு

பாங்கார்ட் தொழிலைத் தொடங்கிய காலத்தில் எலும்பியல் பிரித்தானியாவில் தனித்துறையாக முழுமையாக ஏற்கப்பட்டிருக்கவில்லை. எலும்பு முறிவுகளைப் பொது அறுவை மருத்துவர்களே கவனித்து வந்தனர். உடல் ஊனமுற்ற குழந்தைகளின் வளைந்த கால்களையும் முதுகையும் நேராக்குவதே எலும்பியல் மருத்துவரின் வேலை என்று கருதப்பட்டது. இலண்டனில் இருந்த பழைய எலும்பியல் மருத்துவமனைகள் ஒன்றிணைக்கப்பட்டு உருவான அரச தேசிய எலும்பியல் மருத்துவமனையின் புதிய கட்டடம் 1909 இல் திறக்கப்பட்டபோது, அதன் முதல் அறுவைப் பதிவாளராகப் பாங்கார்ட் சேர்ந்தார். பின்னர் அங்கேயே அறுவை மருத்துவராக உயர்ந்தார். குழந்தைகளுக்கான மருத்துவமனையிலும், வலிப்பு நோய்க்கும் பக்கவாதத்துக்குமான மெய்டா வேல் மருத்துவமனையிலும் பணியாற்றினார். இதனால் எலும்பு, நரம்பு ஆகிய இரு துறை அறுவைகளிலும் இவருக்குப் பழக்கம் ஏற்பட்டது.

முதலாம் உலகப் போரின்போது, கைகால்களில் காயமுற்ற படைவீரர்களுக்கெனத் தனி எலும்பியல் மருத்துவமனைகளை சர் ராபர்ட் ஜோன்ஸ் ஏற்படுத்தினார். அவற்றுள் ஒன்றான இலண்டன் செப்பர்ட்ஸ் புஷ் படைத்துறை எலும்பியல் மருத்துவமனையில் பாங்கார்ட் பணிபுரிந்தார். போருக்குப் பின் இத்துறையின் நிலை மாறியது. 1918 இல் பிரித்தானிய எலும்பியல் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் நிறுவன உறுப்பினர்களில் ஒருவராகப் பாங்கார்ட் இருந்தார். 1930களின் தொடக்கத்தில் அதன் தலைவராகவும் விளங்கினார். இலண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் முதல் எலும்பியல் அறுவை மருத்துவரும் இவரே.

தோள் மூட்டின் அமைப்பு

பாங்கார்ட்டின் கண்டுபிடிப்பை விளங்கிக்கொள்ளத் தோள் மூட்டின் அமைப்பை அறிவது தேவை. மேற்கை எலும்பின் மேல்நுனி உருண்டையான தலையாக உள்ளது. அது பொருந்தும் தோள்குழியோ சிறியதாகவும் ஆழமற்றதாகவும் உள்ளது. சிறு தட்டின் மேல் வைத்த எலுமிச்சம்பழத்துக்கு இதனை ஒப்பிடலாம். எந்த நிலையிலும் தலையின் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் குழியைத் தொட்டுக்கொண்டிருக்கும். கையை எல்லாத் திசைகளிலும் சுழற்ற முடிவதற்கு இதுவே காரணம். மனித உடலின் பெரிய மூட்டுகளுள் மிக எளிதாக நழுவக் கூடியது இது என்பதற்கும் காரணம் இதுவே.

இக்குறையை ஈடுசெய்யக் குழியின் விளிம்பைச் சுற்றி நார்க்குருத்தாலான வளையம் ஒன்று அமைந்துள்ளது. லேப்ரம் எனப்படும் இவ்வளையம் குழியின் ஆழத்தில் ஏறக்குறையப் பாதியை அளிக்கிறது. மூட்டைச் சுற்றியுள்ள மூட்டுறையும் அதனை வலுப்படுத்தும் பிணைநார்களும் இவ்வளையத்தின் வழியாகவே எலும்பில் பற்றியுள்ளன. கையைப் பக்கவாட்டில் உயர்த்திப் பின்புறமாகச் சுழற்றும்போது, தலை முன்னே நழுவாமல் தடுப்பது முன்-கீழ்ப் பகுதியிலுள்ள பிணைநார் ஆகும்.

முந்தைய சிகிச்சை முறைகள்

தோள் மூட்டு நழுவுவதும், நழுவிய மூட்டு மீண்டும் மீண்டும் நழுவுவதும் பழங்காலந்தொட்டு அறியப்பட்டவை. கிரேக்க மருத்துவர் இப்போக்ரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்கள், அக்குளில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு வைத்துத் தழும்பு உண்டாக்கி மூட்டை இறுக்கும் முறையை விவரிக்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல வகை அறுவைகள் நடைமுறையில் இருந்தன. மூட்டுறை தளர்ந்து போவதே காரணம் எனக் கருதிய மருத்துவர்கள் அதனை மடித்துத் தைத்தனர். வேறு சிலர் தசையின் ஒரு பகுதியைத் திருப்பி, மேற்கை எலும்பின் தலைக்குக் கீழே தூளி போல் அமைத்தனர். இவை எதிலும் காயம் எங்கே உள்ளது என்ற கேள்விக்கு விடை தேடப்படவில்லை. மூட்டை எவ்வாறேனும் இறுக்கிவிட வேண்டும் என்பதே நோக்கமாக இருந்தது.

எனினும் காயத்தைக் கண்டவர்கள் இல்லாமல் இல்லை. பிரான்சில் புரோக்காவும் ஆர்ட்மானும் 1890 இல், விளிம்பு வளையமும் எலும்பு உறையும் பெயர்ந்திருப்பதை விவரித்தனர். ஜெர்மனியில் கெயோர்க் பெர்த்தெஸ் 1906 இல், பெயர்ந்த பகுதியை எலும்புடன் மீண்டும் இணைக்கும் அறுவையையும் வெளியிட்டார். ஆயினும் இவை ஆங்கிலம் பேசும் நாடுகளில் பரவலாக அறியப்படவில்லை.

1923 ஆம் ஆண்டுக் கட்டுரை

பாங்கார்ட் இம்முடிவுக்கு வந்தது ஓர் அறுவையின்போது ஆகும். முன்னர் தம்மிடம் பயிற்சி மருத்துவராக இருந்த ஒருவருக்கு, வழக்கமான முறைப்படி மூட்டுறையை மடித்துத் தைக்கும் எண்ணத்துடன் தோளைத் திறந்தார். மடிப்பதற்கு அங்கே தளர்ச்சி எதுவும் இருக்கவில்லை. மூட்டின் முன்பக்கத்தில் விளிம்பு வளையம் எலும்பிலிருந்து பெயர்ந்திருந்தது மட்டுமே அவர் கண்ட குறைபாடு. ஆகவே திட்டத்தை மாற்றிப் பெயர்ந்ததை எலும்புடன் தைத்தார்.

இவ்வகை நோயாளிகள் ஒரு சிலரைப் பற்றிய இவரது கட்டுரை 1923 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் வெளிவந்தது. ஒருமுறை நழுவிக் குணமாகும் தோளையும் பலமுறை நழுவும் தோளையும் பாங்கார்ட் அதில் வேறுபடுத்தினார். கை மிகையாக உயர்த்தப்படும்போது தலை மூட்டுறையின் கீழ்ப்பகுதியைக் கிழித்து வெளியேறுகிறது. மென்திசுவில் ஏற்பட்ட அக்கிழிசல் தானாகவே கூடிவிடுகிறது. பின்புறமிருந்து நேரடியாகத் தாக்கும் விசையால் தலை முன்னோக்கித் தள்ளப்படும்போதோ, அது விளிம்பு வளையத்தை எலும்பிலிருந்து சீவிப் பெயர்க்கிறது. பெயர்ந்த நார்க்குருத்து எலும்புடன் தானாக ஒட்டுவதில்லை. ஆகவே முன்புற வாயில் திறந்தே கிடக்கிறது என்பது அவரது விளக்கம்.

அறுவை முறை

பாங்கார்ட்டின் அறுவை எளிதானதன்று. தோளின் முன்புறம் தோலைத் திறந்து, கொராகாய்டு என்னும் எலும்பு முளையை அதனுடன் இணைந்த தசைகளோடு வெட்டிக் கீழே மடக்குவார். பின்னர் மூட்டின் முன்பக்கத்தை மூடியுள்ள சப்ஸ்கேபுலாரிஸ் தசையைப் பிரித்து மூட்டுறையைத் திறப்பார். குழியின் முன்விளிம்பைச் சுரண்டிக் குருதி கசியும் புது எலும்பு வெளிப்படச் செய்வார். விளிம்பில் சிறு துளைகளிட்டு அவற்றின் வழியே தையல் இழைகளைச் செலுத்தி, மூட்டுறையை எலும்பின் மேல் இறுக்கிக் கட்டுவார். இறுதியில் பிரித்த தசையையும் எலும்பு முளையையும் பழைய இடத்தில் பொருத்துவார்.

குறுகிய ஆழமான இடத்தில் கடினமான எலும்பு விளிம்பைத் துளையிடுவதே இவ்வறுவையின் மிகக் கடினமான பகுதி ஆகும். இக்காரணத்தால் பல மருத்துவர்கள் இதனைத் தவிர்த்து எளிய முறைகளை நாடினர்.

1938 இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சர்ஜரி இதழில் பாங்கார்ட் இரண்டாவது கட்டுரையை வெளியிட்டார். அதுவரை தாம் அறுவை செய்த 27 பேரிலும் தோளின் முழு அசைவு திரும்பியதாகவும், ஒருவருக்கும் மூட்டு மீண்டும் நழுவவில்லை என்றும் அதில் தெரிவித்தார். பெயர்ந்த விளிம்பே இந்நோயின் இன்றியமையாத காயம் என்ற கருத்தும் அதில் உறுதியாக முன்வைக்கப்பட்டது.

எதிர்க்கருத்துகள்

பாங்கார்ட்டின் உறுதி எதிர்ப்பையும் தோற்றுவித்தது. விளிம்பு பெயராத தோள்களும் மீண்டும் மீண்டும் நழுவுவதைப் பிற மருத்துவர்கள் கண்டனர். 1940 இல் ஐக்கிய அமெரிக்காவின் ஹில், சாக்ஸ் என்னும் கதிரியல் மருத்துவர்கள், தலையின் பின்புறத்தில் ஏற்படும் எலும்புப் பள்ளத்தை விவரித்தனர். தலை நழுவும்போது குழியின் கூரிய விளிம்பில் மோதி இப்பள்ளம் உண்டாகிறது. ஆகவே காயம் குழியின் பக்கம் மட்டும் இல்லை என்பது தெளிவாயிற்று.

இத்தாலியின் விட்டோரியோ புட்டி, இங்கிலாந்தின் ஹாரி பிளாட் ஆகியோரின் பெயரால் வழங்கும் புட்டி-பிளாட் அறுவை 1948 இல் விரிவாக வெளியிடப்பட்டது. முன்புறத் தசையையும் மூட்டுறையையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துத் தைக்கும் இம்முறை, எலும்பைத் துளையிடத் தேவையில்லாததால் விரைவில் பரவியது. அதே ஆண்டில் நடந்த விவாதத்திலும் பாங்கார்ட் தம் நிலையை விட்டுக்கொடுக்கவில்லை. காலம் இவ்விவாதத்தில் பெரும்பாலும் பாங்கார்ட்டின் பக்கமே சாய்ந்தது. புட்டி-பிளாட் முறை மூட்டு நழுவுவதைத் தடுத்தாலும் கையை வெளிப்புறம் சுழற்றும் அசைவைக் குறைத்தது. மிகையாக இறுக்கப்பட்ட தோள்களில் ஆண்டுகள் கழித்து மூட்டுத் தேய்வும் காணப்பட்டது.

பிற பணிகள்

1932 இல் பாங்கார்ட் கையாள் சிகிச்சை பற்றிய நூல் ஒன்றை வெளியிட்டார். கத்தியின்றிக் கையால் அசைத்து மூட்டுகளைச் சரிசெய்யும் இக்கலை, பிரித்தானியாவில் நெடுங்காலம் மருத்துவப் பட்டம் பெறாத எலும்பு வைத்தியர்களின் கையில் இருந்தது. தமிழகத்தின் எலும்பு முறிவு வைத்தியர்களைப் போலவே அவர்களுக்கும் மக்களிடம் செல்வாக்கு இருந்தது. பட்டம் பெற்ற மருத்துவர்களுள் பலர் அதனை இகழ்ந்து ஒதுக்கிய நிலையில், எலும்பியல் மருத்துவர் கற்க வேண்டிய முறையாகப் பாங்கார்ட் அதனை எழுதினார்.

இறப்பு

பாங்கார்ட் 1951 ஆம் ஆண்டில் காலமானார். தோள் அறுவையில் தம் பெயர் நிலைபெறத் தொடங்கிய காலத்தையே இவர் கண்டார். இவரது முறையின் நீண்டகால விளைவுகள் பற்றிய பெரிய ஆய்வுகள் பின்னரே வெளிவந்தன. அவற்றுள் முதன்மையானது, அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர் கார்ட்டர் ரோவும் உடன் பணியாற்றியோரும் 1978 இல் வெளியிட்டதாகும். அதில் பாங்கார்ட் அறுவைக்குப் பின் மூட்டு மீண்டும் நழுவியோர் 3.5 விழுக்காட்டினர் மட்டுமே.

தையல் நங்கூரங்கள்

எலும்பைத் துளைத்து நூல் கோக்கும் கடினமான பணிக்கு மாற்றாக 1980களில் தையல் நங்கூரம் உருவாக்கப்பட்டது. எலும்பில் ஒரே ஒரு துளையிட்டு, நூல் இணைக்கப்பட்ட சிறு முளையை உள்ளே செலுத்துவதே இதன் செயல்முறை. முளை உள்ளே பற்றிக்கொள்ள, வெளியே நிற்கும் நூல்களால் மென்திசு எலும்பின் மேல் கட்டப்படும். தொடக்க கால நங்கூரங்களில் ஒன்றான மைடெக், டைட்டானியத்தால் ஆனது. துளைக்குள் சென்றதும் விரிந்து பிடித்துக்கொள்ளும் உலோக வில்கள் அதில் இருந்தன. 1990களில் இக்கருவியுடன் மூட்டு உள்நோக்கியும் சேர்ந்தது. இதனால் பாங்கார்ட் அறுவையைச் சிறு துளைகளின் வழியே, தசைகளை வெட்டாமல் செய்ய முடிந்தது.

உலோக நங்கூரம் எலும்பின் மேல் துருத்தி நின்றால் மூட்டுக் குருத்தெலும்பைச் சிதைத்துவிடும். இதனைத் தவிர்க்க, உடலில் கரையும் பாலிலாக்டிக் அமில நங்கூரங்கள் வந்தன. இவற்றில் சில கரையும்போது சுற்றியுள்ள எலும்பில் குழிவுகளை ஏற்படுத்தின. பின்னர் பீக் எனப்படும் கரையாத நெகிழியாலும், சுண்ணாம்பு உப்புகள் கலந்த கலவைகளாலும், முழுவதும் நூலாலேயே ஆன முடிச்சு வடிவிலும் நங்கூரங்கள் செய்யப்பட்டன. நூல் நங்கூரத்துக்கு மிகச் சிறிய துளை போதும் என்பதால் எலும்பு இழப்பு குறைகிறது.

தையலின் உறுதி

தைத்த விளிம்பு எவ்வளவு விசையைத் தாங்கும் என்பது உயிர் இயந்திரவியல் ஆய்வகங்களில் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. சங்கிலி அதன் மிக மெலிந்த கண்ணியில் அறுவதைப் போல, இவ்விணைப்பும் தன் மிக மெலிந்த இடத்தில் அறுகிறது. அறுபடக்கூடிய இடங்கள் பின்வருமாறு:

எலும்பும் நங்கூரமும் சேரும் இடம்: எலும்பு மென்மையாக இருந்தால் நங்கூரம் பிடுங்கிக்கொண்டு வரும். தோள்குழியின் முன்-கீழ் விளிம்பு மெல்லியது என்பதால், நங்கூரத்தைச் சரியான சாய்வில் செலுத்துவது முதன்மையானது. மாடு கட்டும் முளையைக் கயிறு இழுபடும் திசைக்கு எதிர்ப்புறமாகச் சாய்த்து அடிப்பதைப் போன்றது இது.

நங்கூரமும் நூலும் சேரும் இடம்: நங்கூரத்தின் கண்ணில் உரசி நூல் அறலாம். வலிமை மிகுந்த பாலித்தீன் இழை நூல்கள் வந்த பின் இது குறைந்துள்ளது.

முடிச்சு: வழுவழுப்பான நூலில் முடிச்சு நழுவலாம். இதனால் முடிச்சு தேவைப்படாத நங்கூரங்களும் உருவாக்கப்பட்டன.

நூலும் மென்திசுவும் சேரும் இடம்: நங்கூரமும் நூலும் வலுப்பெற்ற பின்னர் பெரும்பாலும் மெலிந்த கண்ணியாக இருப்பது இதுவே. இழுவிசையில் நூல் மென்திசுவை அறுத்துக்கொண்டு வெளியே வரும்.

ஒரே முறை பலமாக இழுத்து அறுக்கும் விசையைவிட, சிறு விசையைப் பலமுறை மாறி மாறிச் செலுத்தும் சோதனை நடைமுறைக்கு நெருக்கமானது. முழுவதும் அறுவதற்கு முன்பே தைத்த இடத்தில் சில மில்லிமீட்டர் இடைவெளி உண்டானால் திசு எலும்புடன் ஒட்டாது போகலாம். இச்சோதனைகளுக்கு எல்லைகளும் உண்டு. இவை பெரும்பாலும் முதியோரின் உயிரற்ற உடல்களில் செய்யப்படுகின்றன. நோயாளிகளோ பெரும்பாலும் இளைஞர்கள். மேலும் தைத்த முதல் நாளின் வலிமையை மட்டுமே இவை அளக்கின்றன. நங்கூரத்தின் வேலை என்றென்றும் தாங்குவதன்று. திசு எலும்புடன் ஒட்டி ஆறும் வரை சில மாதங்கள் அதனை இடம்பெயராமல் பிடித்திருப்பதே ஆகும். அறுவைக்குப் பின் கையைச் சில வாரங்கள் தூளியில் வைப்பதும், மோதல் விளையாட்டுகளைப் பல மாதங்கள் தவிர்ப்பதும் இதனாலேயே. விளிம்பைச் சுரண்டிப் புது எலும்பை வெளிப்படுத்தும் பாங்கார்ட்டின் படிநிலை, நங்கூர முறையிலும் கைவிடப்படாததற்கும் இதுவே காரணம்.

கருத்தில் ஏற்பட்ட திருத்தங்கள்

பாங்கார்ட் காயம் மட்டுமே மூட்டு நழுவப் போதுமானதா என்ற கேள்விக்கு ஆய்வகச் சோதனைகள் விடையளித்துள்ளன. 1992 இல் பிக்லியானியும் குழுவினரும் 16 தோள்களின் முன்-கீழ்ப் பிணைநாரை இழுத்து அறுத்துச் சோதித்தனர். 40 விழுக்காட்டில் அது குழியின் விளிம்பில் பெயர்ந்தது. 35 விழுக்காட்டில் நாரின் நடுப்பகுதியிலும், 25 விழுக்காட்டில் மேற்கை எலும்புப் பக்கத்திலும் அறுந்தது. விளிம்பில் பெயரும் முன்பே நார் நீண்டு தளர்வதும் காணப்பட்டது. 1994 இல் ஸ்பியரும் குழுவினரும் உயிரற்ற தோள்களில் விளிம்பை மட்டும் வெட்டிப் பிரித்தபோது, தலையின் நகர்வு சில மில்லிமீட்டர் அளவே கூடியது. மூட்டு முழுமையாக நழுவவில்லை. பெயர்தலுடன் மூட்டுறையின் தளர்ச்சியும் சேரும்போதே மூட்டு நழுவுகிறது என்பது இவற்றால் புலப்பட்டது. பாங்கார்ட் மறுத்த தளர்ச்சிக் கொள்கையிலும் ஓரளவு உண்மை இருந்தது. எனவே இன்றைய அறுவையில் விளிம்பு இணைக்கப்படுவதோடு தளர்ந்த மூட்டுறையும் மேல்நோக்கி இழுத்துத் தைக்கப்படுகிறது.

எலும்பு இழப்பு மற்றொரு முதன்மையான திருத்தம் ஆகும். பர்க்கார்ட், டி பியர் ஆகியோர் 2000 இல் 194 உள்நோக்கி அறுவைகளை ஆராய்ந்தனர். எலும்பில் பெருங்குறை இல்லாதவர்களுள் 4 விழுக்காட்டினருக்கும், உள்ளவர்களுள் 67 விழுக்காட்டினருக்கும் தோள் மீண்டும் நழுவியது. குழியின் விளிம்பே தேய்ந்து போன இடத்தில் எத்தனை வலிய நங்கூரமும் பயனளிக்காது என்பதை இது காட்டியது. இத்தகையோருக்குப் பிரான்சின் லத்தார்ஜே 1954 இல் வெளியிட்ட, எலும்புத் துண்டைக் குழியின் முன்விளிம்பில் பொருத்தும் அறுவை பரிந்துரைக்கப்படுகிறது. 2006 இல் புவாலோவும் குழுவினரும் 91 நோயாளிகளை ஆராய்ந்து, நான்கிற்கும் குறைவான நங்கூரங்கள் இடப்பட்டவர்களுக்குத் தோள் மீண்டும் நழுவும் வாய்ப்பு மிகுதி எனக் கண்டனர்.

மரபு

பாங்கார்ட் கண்ட காயத்தை இவருக்கு முன்பே பெர்த்தெஸ் முதலியோர் கண்டிருந்ததால், சில நூல்கள் இதனைப் பெர்த்தெஸ்-பாங்கார்ட் காயம் என்றும் குறிப்பிடுகின்றன. விளிம்புடன் எலும்புத் துண்டும் பெயர்ந்தால் அது எலும்புப் பாங்கார்ட் காயம் எனவும், பின்விளிம்பில் ஏற்பட்டால் எதிர்ப் பாங்கார்ட் காயம் எனவும் வழங்கப்படுகிறது. கால்பந்து, ரக்பி, கபடி, மற்போர் போன்ற விளையாட்டுகளில் ஈடுபடுவோருக்கும் வலிப்பு நோயாளர்களுக்கும் ஏற்படும் தோள் நழுவலில் இப்பெயர்கள் இன்றும் மருத்துவ அறிக்கைகளில் இடம்பெறுகின்றன.

இவர் கையாண்ட நூலும் கருவிகளும் அறுவைப் பாதையும் ஏறக்குறைய முற்றிலும் மாறிவிட்டன. பெயர்ந்தது எதுவோ அதனைப் பெயர்ந்த இடத்திலேயே மீண்டும் இணைக்க வேண்டும், மூட்டின் அசைவைப் பலியிட்டு அதன் உறுதியைப் பெறக்கூடாது என்னும் இவரது கோட்பாடு மட்டும் தோள் அறுவையில் நிலைபெற்றுள்ளது.